‘அனுப்பியாயிற்று’ என்று சென்சார் சொன்னால் என்ன பொருள்? எம்கியூடிடி இயங்கும் விதம்

ஒரு குளிர்பதனக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். அறைக்குள் இருக்கும் சென்சார் நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையை அனுப்புகிறது. மேலாளரின் கைபேசித் திரையில் 4 டிகிரி என்று இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போனவரின் வெப்பமானியோ 11 காட்டுகிறது. சென்சாரின் பதிவைப் பார்த்தால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் எதிரே ‘அனுப்பியாயிற்று, ஒப்புகை வந்தது’ என்று இருக்கிறது. நடுவில் இருக்கும் சர்வரும் எந்தப் பிழையும் காட்டவில்லை. அப்படியானால் யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் சொல்லவில்லை. சென்சார் சொன்னது உண்மை, சர்வர் சொன்னது உண்மை, திரையில் இருப்பதும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்த எண்தான். இந்தக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறை எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. அந்த நெறிமுறைகளில் பரவலானது எம்கியூடிடி. அதை அடியிலிருந்து பார்த்துவிட்டு இந்தக் கிடங்குக்குத் திரும்பி வருவோம்.

கேட்டு வாங்குவதில் என்ன சிக்கல்?

இணையதளங்கள் இயங்கும் முறை நமக்குப் பழகியது. உலாவி கேட்கிறது, சர்வர் பதில் தருகிறது, பேச்சு முடிந்தது. சென்சார்களுக்கும் இதே எச்டிடிபி முறையைப் பயன்படுத்தலாம், பலர் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் மூன்று இடங்களில் இடிக்கும்.

1. பெரும்பாலான கருவிகள் ஒரு ரௌட்டருக்குப் பின்னாலோ கைபேசி வலையமைப்புக்கு உள்ளேயோ இருக்கின்றன. அவை வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து அவற்றை அழைக்க முகவரி கிடையாது. ஆகவே ‘வால்வை மூடு’ என்று ஒரு கட்டளை அனுப்ப வேண்டுமானால், கருவியே வந்து ‘எனக்கு ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்கும்வரை காத்திருக்க வேண்டும்.

2. அப்படிக் கேட்கும்போது பத்துக்கு ஒன்பது முறை பதில் ‘ஒன்றுமில்லை’ என்பதாகவே இருக்கும். அந்த ‘ஒன்றுமில்லை’க்கும் சில நூறு பைட் தலைப்புத் தகவல், பேட்டரி, டேட்டா எல்லாம் செலவாகும்.

3. 1000 சென்சார்கள், அவற்றின் தகவல் வேண்டியிருக்கும் 5 நிரல்கள் என்று வையுங்கள். நேருக்கு நேர் பேசினால் 5000 தொடர்புகள். நடுவில் ஒருவரை வைத்தால் 1005. ஆறாவது நிரல் ஒன்று வந்தால் முதல் முறையில் ஆயிரம் கருவிகளிலும் கைவைக்க வேண்டும். இரண்டாவது முறையில் எதையும் தொட வேண்டாம்.

மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்பேன். பைட் மிச்சம் என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் இந்த முறை நிலைத்து நின்றதற்குக் காரணம், அனுப்புபவர் பெறுபவரைத் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை என்பதே.

எண்ணெய்க் குழாயில் பிறந்தது

1999இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும், அப்போது ஆர்காம் நிறுவனத்தில் இருந்த ஆர்லென் நிப்பரும் இதை வடிவமைத்தார்கள். பிலிப்ஸ் 66 நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிப்பதுதான் தேவை. இணைப்பு மெதுவானது, விலை கூடியது, அடிக்கடி அறுந்துபோவது. மறுமுனையில் இருந்த கருவிகளுக்கு நினைவகமும் குறைவு, கணக்கிடும் திறனும் குறைவு. இந்த நெருக்கடிகள் ஒவ்வொன்றும் வடிவமைப்பில் ஒரு தழும்பாகப் பதிந்திருப்பதை இனி வரும் பகுதிகளில் பார்க்கலாம்.

பெயரில் உள்ள ‘எம்கியூ’ ஐபிஎம்மின் செய்தி வரிசை மென்பொருள் குடும்பத்திலிருந்து வந்தது. அதை வைத்து இதை வரிசை முறை என்று நினைத்துவிடக் கூடாது. பெறுபவர் யாரும் இல்லாத செய்தியை இது வரிசையில் போட்டுக் காத்துக்கொண்டிருக்காது, கீழே போட்டுவிடும். 2010இல் ஐபிஎம் இதன் 3.1 பதிப்பை உரிமைக் கட்டணம் இல்லாமல் வெளியிட்டது. 2011இல் ஃபேஸ்புக் தன் மெசஞ்சர் செயலிக்கு இதை எடுத்துக்கொண்டது. குழாய்க்குச் செய்தது கைபேசிக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. சிக்னல் வந்து வந்து போவதும் பேட்டரியைக் காப்பாற்ற வேண்டியிருப்பதும் இரண்டுக்கும் பொது. 2014இல் 3.1.1 பதிப்பு ஒயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. 2016இல் அதுவே ஐஎஸ்ஓ தரநிலையாகவும் வந்தது. 5.0 பதிப்பு 2019இல் வந்தது. 3.1.1க்கு அடுத்து நேராக 5 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இணையும்போது கருவி அனுப்பும் முதல் பாக்கெட்டுக்குள் (தகவல் பொதிக்குள்) பதிப்பைக் குறிக்கும் எண் 3.1.1க்கே 4 என்று இருந்தது. ஆகவே அடுத்தது 5.

வெளியிடுபவர், சந்தாதாரர், புரோக்கர்

மூன்று பாத்திரங்கள். செய்தியை அனுப்புபவர் வெளியிடுபவர். வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பவர் சந்தாதாரர். நடுவில் இருந்து பிரித்துக் கொடுப்பது புரோக்கர் என்னும் சர்வர் மென்பொருள். முதல் இருவருக்கும் பொதுப்பெயர் கிளையண்ட். ஒரே கருவி இரண்டுமாக இருக்கலாம். வெப்பநிலையை வெளியிடும் அதே கருவி, தனக்கான கட்டளைகளுக்குச் சந்தாவும் வைத்திருக்கும். கருவிதான் எப்போதும் புரோக்கரை அழைத்து டிசிபி (துண்டுகள் தொலையாமல் வரிசையாகச் சேரப் பார்த்துக்கொள்ளும் இணைய நெறிமுறை) இணைப்பைத் திறக்கிறது. திறந்த இணைப்பை அப்படியே வைத்திருப்பதால் கட்டளையும் அதன் வழியே உடனே வந்து சேரும். ரௌட்டருக்குப் பின்னால் இருப்பது இனிச் சிக்கல் இல்லை.

எந்தச் செய்தி யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது டாபிக். அது சாய்கோட்டால் பிரித்த ஒரு பெயர், அவ்வளவுதான். உதாரணமாக:

கிடங்கு/அறை3/வெப்பம்

இதை எங்கும் முன்கூட்டியே உருவாக்கத் தேவையில்லை. யாரோ ஒருவர் அந்தப் பெயரில் வெளியிட்டால் அது இருக்கிறது. சந்தா வைக்கும்போது இரண்டு குறிகளைப் பயன்படுத்தலாம். ‘+’ ஒரே ஒரு படிக்குப் பதிலாக நிற்கும். ‘கிடங்கு/+/வெப்பம்’ என்றால் எல்லா அறைகளின் வெப்பமும் வரும். ‘#’ கடைசியில் மட்டுமே வரலாம், அதற்குக் கீழே உள்ள அனைத்தையும் அள்ளிவரும்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ‘கிடங்கு/அறை3/வெப்பம்’ வேறு, ‘/கிடங்கு/அறை3/வெப்பம்’ வேறு. முன்னால் ஒரு சாய்கோடு கூடிவிட்டதால் இரண்டாவது பெயரில் ஒரு வெற்றுப் படி சேர்ந்துவிட்டது. ரோமன் எழுத்தில் பெயரிட்டால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அப்படியே. தவறான பெயரில் வெளியிட்டால் புரோக்கர் ‘இப்படி ஒரு டாபிக் இல்லையே’ என்று தடுக்காது. வாங்கிக்கொள்ளும், கேட்டால் ஒப்புகையும் தரும், சந்தாதாரர் யாரும் இல்லை என்பதால் குப்பையில் போடும். கிடங்கு வழக்கில் முதல் சந்தேகம் இதுதான். சென்சாரின் மென்பொருளைப் புதுப்பித்தபோது டாபிக் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.

‘இலகு’ என்பது எத்தனை பைட்?

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம். டாபிக்கின் பெயர் 5 ரோமன் எழுத்து, அளவீடு ‘31.4’ என்ற 4 எழுத்து, ஒப்புகை வேண்டாம்.

1. முதல் பைட்டின் ஒரு பாதியில் பாக்கெட்டின் வகை, மறு பாதியில் கொடிகள், அதாவது செய்தியை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் சிறு குறிகள்.
2. அடுத்த பைட்டில் மீதி நீளம், அதாவது 11. செய்தி நீண்டால் மட்டும் இந்த இடம் 2, 3, 4 பைட் என வளரும். அதிகபட்சம் 26,84,35,455 பைட் வரை போகலாம் என்பது ஏட்டளவில். சென்சார் உலகில் நீளத்துக்கு ஒரு பைட்டே பெரும்பாலும் போதும்.
3. டாபிக்கின் நீளத்துக்கு 2 பைட், டாபிக்குக்கு 5 பைட்.
4. மீதி 4 பைட் அளவீடு.

மொத்தம் 13 பைட். ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சொல்லும் பிங் பாக்கெட் இன்னும் சிறியது, வெறும் 2 பைட்.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 13 பைட் செய்தி வலையமைப்பில் போகும்போது டிசிபிக்கு 20, முகவரி தாங்கும் ஐபிக்கு 20 என்று குறைந்தது 40 பைட் உறை மேலே ஏறும். மறையாக்கம் சேர்த்தால், அதற்கான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பில் வழக்கமாக இன்னுமொரு 22 பைட். உள்ளே இருக்கும் கடிதத்தைவிட உறை கனமாகிவிடுகிறது! புதிதாக ஒரு டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்கினால் சான்றிதழ்ப் பரிமாற்றத்துக்கே சில ஆயிரம் பைட் போய்விடும். ஆகவே எம்கியூடிடி இலகுவாக இருப்பது திறந்த இணைப்பில் தொடர்ந்து பேசும்போதுதான். நாளுக்கு இரண்டு முறை விழித்து, இணைந்து, ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் தூங்கும் கருவிக்கு அந்த ஆதாயம் பெரும்பாலும் இந்தத் தொடக்கப் பரிமாற்றத்திலேயே கரைந்துவிடும்.

டாபிக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? வைக்கலாம், யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் எழுதக்கூடிய எந்த மொழி எழுத்தும் செல்லும். ஆனால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகும். ‘வெப்பம்’ என்ற சொல்லில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் மொத்தம் 7, ஆக 21 பைட். படிப்பதற்காக இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், செயற்கைக்கோள் கட்டணம் கட்டுபவர் அப்படிச் செய்ய மாட்டார்.

சேர்ந்ததா? மூன்று அளவு உத்தரவாதம்

அதிகக் குழப்பம் இந்த இடத்தில்தான். ஒவ்வொரு செய்திக்கும் கியூஓஎஸ் எனப்படும் ஒரு நிலை உண்டு.

நிலை 0: அதிகபட்சம் ஒரு முறை. அனுப்பிவிட்டு மறந்துவிடலாம். இதை ‘கண்டபடி தொலையும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். அடியில் டிசிபி இருக்கிறது, இணைப்பு நன்றாக இருக்கும்வரை வழியில் தொலைந்த துண்டுகளை அதுவே மறுபடி அனுப்பும். இணைப்பு அறும் நொடியில் வழியில் இருந்தவை தொலையும், புரோக்கர் திணறும்போதும் தொலையலாம். நிமிடத்துக்கு ஒரு வெப்பநிலை என்றால் இதுவே போதும்.

நிலை 1: குறைந்தது ஒரு முறை. அனுப்பியவர் ஒப்புகை வரும்வரை பிரதியை வைத்திருப்பார். ஒப்புகை வராமலே இணைப்பு அறுந்தால், மறுபடி இணைந்ததும் திரும்ப அனுப்புவார். முதலில் அனுப்பியது போய்ச் சேர்ந்து, ஒப்புகை மட்டும் தொலைந்திருந்தால்? செய்தி இரண்டு முறை சேரும். இது பிழையல்ல, ஒப்பந்தமே அப்படித்தான்.

நிலை 2: சரியாக ஒரு முறை. இதற்கு நான்கு பாக்கெட்டுகள். ‘இந்தா’, ‘வாங்கிக்கொண்டேன், செய்தியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்’, ‘சரி, எண்ணை விடுவிக்கலாம்’, ‘விடுவித்தாயிற்று’. இரு பக்கமும் அந்த எண்ணை நினைவில் வைத்திருப்பதால் இரட்டிப்பு நேராது. நினைவகமும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். பெரிய மேகச் சேவைகளில் ஒன்றான அமேசானின் ஐஓடி கோர் இந்த நிலையை ஏற்பதே இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த மூன்றும் ஒரு தாவலுக்கு மட்டுமே. சென்சாரிலிருந்து புரோக்கர் வரை ஒரு தாவல். புரோக்கரிலிருந்து கைபேசி வரை இன்னொரு தாவல். சென்சாருக்கு வரும் ஒப்புகையில் கையெழுத்திடுவது புரோக்கர், பெறுநர் இல்லை. சென்சார் நிலை 2இல் அனுப்பி, கைபேசி நிலை 0இல் சந்தா வைத்திருந்தால், இரண்டாவது தாவல் நிலை 0இலேயே நடக்கும். இரண்டில் குறைந்தது எதுவோ அதுவே செல்லும். அனுப்பும் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ‘நாங்கள் நிலை 2 பயன்படுத்துகிறோம், தொலைய வாய்ப்பே இல்லை’ என்று சொல்பவர்கள் பாதி வழிக்கு மட்டும் காப்பீடு எடுத்தவர்கள்.

கடைசிவரை சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? பெறுபவர் வேறொரு டாபிக்கில் பதில் வெளியிட வேண்டும், அனுப்பியவர் அதற்குச் சந்தா வைக்க வேண்டும். நெறிமுறை அதைத் தானாகச் செய்து தராது.

இரட்டிப்பைப் பற்றி ஒன்று. நீர் அளவி ஒவ்வொரு லிட்டருக்கும் ‘+1’ என்று அனுப்பினால், நிலை 1இல் ஒரு செய்தி இரண்டு முறை வந்ததும் கணக்கு தப்பும். நிலை 0இல் ஒன்று தொலைந்தாலும் தப்பும், அதுவும் என்றைக்குமாக. அதற்குப் பதிலாக ‘இதுவரை மொத்தம் 48,213’ என்று அனுப்பினால்? இரண்டு முறை வந்தாலும் பாதகமில்லை, நடுவில் பத்து தொலைந்தாலும் அடுத்தது வந்ததும் கணக்கு சரியாகிவிடும். நிலை 2ஐத் தேடி ஓடுவதற்கு முன், என்ன அனுப்புகிறோம் என்பதை இப்படி மாற்றிப் பார்ப்பது நல்லது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

புரோக்கரின் நினைவு

புரோக்கர் செய்திகளைப் பொதுவாக நினைவில் வைத்திருக்காது. மூன்று விதிவிலக்குகள் உண்டு.

ரீடெயின். இந்தக் கொடியோடு வந்த கடைசிச் செய்தியை, டாபிக்குக்கு ஒன்று வீதம், புரோக்கர் வைத்திருக்கும். புதிதாகச் சந்தா வைப்பவருக்கு அதை உடனே கொடுக்கும். கைபேசிச் செயலியைத் திறந்ததும் அடுத்த நிமிடம்வரை காத்திராமல் எண் தெரிவது இதனால்தான். அதை அழிக்க, அதே டாபிக்கில் அதே கொடியோடு வெற்றுச் செய்தியை அனுப்ப வேண்டும். அழிக்காவிட்டால் அது கிடக்கும், சென்சார் செத்து மூன்று நாள் ஆனாலும். எம்கியூடிடி செய்தியில் நேரம் குறிக்கும் இடமே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சென்சார் தானே அளவீட்டோடு நேரத்தை எழுதி அனுப்பாவிட்டால், இந்த 4 டிகிரி இப்போதையதா, போன வாரத்தையதா என்று பெறுபவருக்குத் தெரிய வழியில்லை. ‘இது ரீடெயின் செய்யப்பட்டது’ என்ற கொடி மட்டும் முதல் முறை வரும். பல செயலிகள் அதைப் பார்ப்பதேயில்லை.

அமர்வு. கிளையண்ட் இணையும்போது ‘என் பழைய அமர்வை வைத்திரு’ என்று சொன்னால், அது இல்லாத நேரத்தில் வந்த நிலை 1, 2 செய்திகளைப் புரோக்கர் சேர்த்துவைக்கும். புரோக்கரில் அமைத்திருக்கும் வரம்பு வரைதான். இது பெறுபவருக்கு மட்டும் உதவும் வசதி. சென்சாருக்கே இணைப்பு இல்லாத இரண்டு மணி நேரத்தின் அளவீடுகளை யார் வைத்திருப்பது? சென்சார்தான், தன் நினைவகத்தில். அதை எழுத மறந்துவிட்டு ‘எம்கியூடிடி தகவலைத் தொலைத்துவிட்டது’ என்று குறைசொல்வது வழக்கமாக நடக்கிறது.

உயில். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து ஊறிப்போன இந்தச் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இணையும்போதே கிளையண்ட், ‘நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை இந்த டாபிக்கில் வெளியிடு’ என்று எழுதிக் கொடுத்துவிடும். வழக்கமான ஏற்பாடு இப்படி: உயிலில் ‘அறை3 தொடர்பில் இல்லை’, இணைந்ததும் முதல் வேலையாக அதே டாபிக்கில் ‘அறை3 தொடர்பில் உள்ளது’. இரண்டுக்கும் ரீடெயின் கொடி. இப்போது யார் எப்போது பார்த்தாலும் நிலவரம் தெரியும்.

போய்விட்டது என்பதைப் புரோக்கர் எப்படி அறியும்? இணையும்போது ‘கீப் அலைவ்’ என்று ஒரு கால அளவு நொடியில் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்குள் செய்தியோ பிங்கோ ஏதாவது ஒன்று வர வேண்டும். அளவின் ஒன்றரை மடங்கு வரை ஒன்றும் வராவிட்டால் புரோக்கர் இணைப்பை அறுத்து உயிலைப் படிக்கும். 60 நொடி என்றால் 90 நொடி. ஆக, ‘தொடர்பில் உள்ளது’ என்ற வாசகம் ஒன்றரை நிமிடம்வரை பொய்யாக இருக்கலாம். அளவைக் குறைத்தால் பேட்டரி கரையும். கூட்டினால் செய்தி பழசாகும், அதோடு நடுவழி ரௌட்டர்கள் சும்மா கிடக்கும் இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிடவும் செய்யும்.

ஒரு வகைக் கருவிக்கு உயில் உதவவே உதவாது. விழித்து, அனுப்பி, முறைப்படி விடைபெற்றுத் தூங்கும் கருவி தூக்கத்திலேயே பேட்டரி தீர்ந்து போனால், புரோக்கரைப் பொறுத்தவரை அது நல்லபடியாக விடைபெற்றுப் போனதுதான். முறையாக விடைபெற்றால் உயில் கிழிக்கப்படும். இங்கே ‘கடைசியாகப் பேசி எவ்வளவு நேரமாயிற்று’ என்று பெறும் நிரல்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே பெயரில் இருவர்

ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனி அடையாளப் பெயர் வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரில் இன்னொருவர் வந்தால் புரோக்கர் பழையவரை வெளியே தள்ளிவிட்டுப் புதியவரை உட்காரவைக்கும். வெளியே போனவர் தானாக மறுபடி இணைவார், இப்போது மற்றவர் வெளியே. இது இரவு பகலாக ஓடும். ஒரு கருவியில் எழுதிய மென்பொருளை அப்படியே இருபது கருவிகளுக்குப் படியெடுப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதைச் சந்திப்பார்கள். வெளியிலிருந்து பார்க்க வலையமைப்புக் கோளாறு போலவே இருக்கும். சிக்னலைக் குறைசொல்லி, ஆண்டெனா மாற்றி, கடைசியில்தான் பெயரைப் பார்ப்பார்கள்.

கதவு திறந்திருக்கிறதா?

புரோக்கர் இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்ணான போர்ட், வழக்கமாக 1883. அதில் எதுவும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை, கடவுச்சொல்லும் அப்படியே போகும். டிஎல்எஸ்ஸோடு இயங்கும் போர்ட் 8883. கடவுச்சொல் கட்டாயமல்ல என்பதால் பலர் வைப்பதில்லை. 2018இல் அவாஸ்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பொது இணையத்தில் தேடியபோது 49,000க்கும் மேற்பட்ட எம்கியூடிடி சர்வர்கள் வெளியே தெரிந்தன, அவற்றில் 32,000க்கும் மேல் கடவுச்சொல்லே இல்லாதவை. அப்படி ஒரு புரோக்கரில் ‘#’ என்று ஒரு சந்தா வைத்தால் போதும், அந்த வீட்டில் எந்த விளக்கு எரிகிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் வரிசையாக வரும். எழுதும் உரிமையும் திறந்திருந்தால் கதவைத் திறக்கவும் செய்யலாம். பரவலாகப் பயன்படும் திறமூல புரோக்கரான மொஸ்கிட்டோ, 2020இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, தனியாக அமைக்காவிட்டால் அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கிறது. ‘நேற்று வரை ஓடியது, புதுப்பித்ததும் நின்றுவிட்டது’ என்று அப்போது பலர் குழம்பியதற்குக் காரணம் இதுதான். குழம்பினாலும் நல்ல மாற்றம்.

யார் எந்த டாபிக்கில் எழுதலாம், எதைப் படிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் 3.1.1 பதிப்பில் இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. அனுமதியில்லாத டாபிக்கில் ஒருவர் வெளியிட்டால் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று சொல்ல அந்தப் பதிப்பில் பாக்கெட்டே கிடையாது. புரோக்கருக்கு இரண்டே வழி. இணைப்பைத் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கம்போல ஒப்புகை கொடுத்துவிட்டுச் செய்தியைக் கீழே போட வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் புரோக்கர்கள் உண்டு. அனுப்பியவருக்கு ‘சேர்ந்தது’. பெறுபவருக்கு ஒன்றுமில்லை. கிடங்கு வழக்கில் இது இன்னொரு சந்தேகம்.

5.0 பதிப்பு தந்தவை

இந்த ஊமைத்தனத்தைத்தான் 5.0 முதலில் சரிசெய்தது. ஏறக்குறைய எல்லா ஒப்புகைகளிலும் காரணக் குறியீடு வந்தது. ‘அனுமதி இல்லை’ என்று சொல்லலாம், ‘சந்தாதாரர் யாரும் இல்லை’ என்றுகூடப் புரோக்கர் விரும்பினால் சொல்லலாம். செய்திக்குக் காலாவதி நேரம் வைக்கலாம் என்பதால் மூன்று நாள் பழைய ரீடெயின் எண் தானாக மறையும். நீண்ட டாபிக்குக்கு ஒரு முறை எண் கொடுத்துவிட்டு அப்புறம் எண்ணை மட்டும் அனுப்பலாம். ஒரே சந்தாவைப் பல நிரல்கள் பங்குபோட்டுக்கொள்ளலாம். உயிலைக் கொஞ்ச நேரம் தாமதித்துப் படிக்கச் சொல்லலாம், சிக்னல் இரண்டு நொடி விட்டுப் போனதற்கெல்லாம் சாவு அறிவிப்பு வராது. இருந்தும் பழைய 3.1.1இல் ஓடும் கருவிகள் இன்னும் ஏராளம். சுவரில் பதித்த சென்சாரை யாரும் அடிக்கடி புதுப்பிப்பதில்லை.

வேறு வழிகள்

டிசிபி இணைப்பைத் திறந்துவைத்திருப்பதே பாரம் என்னும் அளவுக்குச் சிறிய கருவிகளுக்கு இணைப்பே திறக்காமல் அனுப்பும் யூடிபி மேல் ஓடும் கோஆப் என்ற நெறிமுறை இருக்கிறது. 4 பைட் தலைப்பு, எச்டிடிபியைப் போலவே கேள்வி-பதில், மாற்றம் வந்தால் சொல்லச் சொல்லும் ஒரு நீட்சியும் உண்டு. எம்கியூடிடி-எஸ்என் என்பது டிசிபி இல்லாத சென்சார் வலைகளுக்கான தம்பி. டாபிக் பெயருக்குப் பதில் 2 பைட் எண், தூங்கும் கருவிக்கான செய்தியைச் சேர்த்துவைக்கும் வசதி எல்லாம் அதில் உண்டு. தொழிற்சாலைகளில் ஸ்பார்க்பிளக் என்ற பெயர் அடிபடும். அது தனி நெறிமுறை அல்ல. டாபிக் பெயர் எப்படி இருக்க வேண்டும், செய்திக்குள் என்ன வடிவம், கருவியின் பிறப்பு, இறப்பு அறிவிப்பு எப்படி என்று எம்கியூடிடி வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லும் ஒப்பந்தம். நேரக்குறியும் அதில் சேர்த்தி. பெரிய கோப்புகள், காணொளி, மில்லிநொடிக்குள் நின்றாக வேண்டிய இயந்திரக் கட்டுப்பாடு, இவற்றுக்கு எம்கியூடிடி வேண்டாம்.

மறுபடி கிடங்குக்கு

திரையில் 4, அறையில் 11. சென்சாருக்கு ஒப்புகை வருகிறது. எங்கே தேடுவது?

1. கைபேசியை மறந்துவிட்டு, கணினியிலிருந்து அதே புரோக்கரில், எல்லாவற்றையும் படிக்கும் உரிமையோடு ‘#’ சந்தா வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். 11 என்ற எண் எந்த டாபிக்கிலாவது ஓடுகிறதா?

2. ஓடுகிறது, ஆனால் பெயர் சற்று வேறு. டாபிக் மாறியிருக்கிறது. பழைய பெயரில் ரீடெயினாகக் கிடக்கும் 4தான் திரையில் தெரிகிறது. சென்சாரைத் திருத்துங்கள், பழைய டாபிக்குக்கு ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பி அதை அழித்துவிடுங்கள்.

3. ஓடவே இல்லை. ஒப்புகை மட்டும் வருகிறது என்றால் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். புரோக்கர் வாங்கிக் கீழே போட்டுக்கொண்டிருக்கலாம்.

4. சரியான பெயரில், சரியான எண் ஓடுகிறது. அப்படியென்றால் முதல் தாவல் நன்றாக இருக்கிறது. கைபேசிக்கும் புரோக்கருக்கும் நடுவே இணைப்பு எப்போதோ அறுந்து, செயலி அதை உணராமல் கடைசி எண்ணைத் திரையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. செயலியை மூடித் திறந்ததும் 11 வந்துவிட்டால் இதுதான்.

நான்காவது ஆனாலும் இரண்டாவது ஆனாலும் திரையில் தெரியும் அறிகுறி ஒன்றே. 4க்குப் பக்கத்தில் அது அளக்கப்பட்ட நேரமும் தெரிந்திருந்தால், மேலாளர் கதவைத் திறந்து பார்க்க வேண்டியே இருந்திருக்காது.